இதயத்துக்கும் புற்றுநோய் வருமா?

செல் பிரிதல் பாடத்தின்போது, "இதயத்துக்குப் புற்றுநோய் வருமா சார்?" என்று ஒரு மாணவி கேட்டாள். "வராது" என்றேன். அவளுடைய தாய்மாமாவுக்கு அந்நோய்தான் என்பது பிறகே தெரிந்தது. மறுநாள் வகுப்பிலேயே என் விடையைத் திருத்தினேன்.

இதயத்தசைச் செல்கள் பிறந்தபின் மிக அரிதாகவே பிரிகின்றன. அங்குப் புற்றுநோய் அரிதாக இருக்க இதுவும் ஒரு காரணம் எனக் கருதப்படுகிறது. இதயத்திலேயே தோன்றும் கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோய் அல்ல. புற்றுக்கட்டிகளில் அதிகம் காணப்படுவது ஆஞ்சியோசர்கோமா. இது பெரும்பாலும் வலது ஆரிக்கிளில் தோன்றும். மூச்சுத்திணறல், கால்வீக்கம் பிற இதயநோய்களிலும் உண்டு என்பதால் கண்டறியத் தாமதமாகிறது. எக்கோ கட்டியைக் காட்டும், எம்.ஆர்.ஐ. அதன் பரவலைக் காட்டும். திசுப் பரிசோதனை உறுதிசெய்யும். இயன்றால் அறுவை சிகிச்சை. உடன் மருந்தும் கதிர்வீச்சும்.

"பார்த்துச் சொல்கிறேன்" என்பதும் நல்ல விடைதான்.