களைத்த கால்களுக்கு ஒரு பாடம்

மாரத்தான் ஓட்டத்தின் தூரம் 42.195 கிலோமீட்டர். அதைத் தாண்டிய எந்த ஓட்டமும் அல்ட்ரா மாரத்தான்தான். பெரும்பாலான போட்டிகள் 50 கிலோமீட்டரில் தொடங்குகின்றன. 100 கிலோமீட்டரும் அதற்கு மேலும் ஓடுபவர்கள் உண்டு. முதன்முறை இதில் இறங்க நினைப்பவருக்கு எழும் சந்தேகம் ஒன்றுதான். 90 கிலோமீட்டர் ஓட வேண்டுமென்றால், பயிற்சியிலும் 90 கிலோமீட்டர் ஓடிப் பார்க்க வேண்டுமா?

வேண்டியதில்லை. அவ்வளவு தூரத்தை ஒரே மூச்சில் ஓடினால் உடல் தேறவே பல வாரங்கள் ஆகும். அதற்குப் பதிலாக, அனுபவமுள்ள ஓட்டக்காரர்கள் தூரத்தை இரண்டு நாளாகப் பிரிக்கிறார்கள். சனிக்கிழமை 25 கிலோமீட்டர் ஓடியவர், ஞாயிற்றுக்கிழமை விடியலில் மீண்டும் 15 கிலோமீட்டர் மெதுவாக ஓடுகிறார். முதல் நாள் ஓட்டத்தில் தசைகளில் சேமித்திருந்த கிளைக்கோஜன் குறைந்திருக்கும். தசை நார்களிலும் நுண்ணிய கீறல்கள் விழுந்திருக்கும். அல்ட்ரா போட்டியின் பிற்பாதியில் வரும் களைப்பை, ஞாயிறு காலை சிறிய அளவில் காட்டிவிடுகிறது. வேகத்தை எங்கே குறைப்பது, மேட்டில் எப்போது நடப்பது, எந்த உணவு வயிற்றுக்கு ஒத்துக்கொள்கிறது என்பதெல்லாம் அப்போதுதான் தெரியவரும்.

களைத்த கால்களாலும் சாதிக்க முடியும் என்பதற்குச் சான்று செக்கோஸ்லோவாக்கியாவின் எமில் சாட்டோபெக். 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் 10,000 மீட்டரிலும் 5,000 மீட்டரிலும் தங்கம் வென்ற அவர், அதே வாரத்தில் மாரத்தானிலும் தங்கம் வென்றார். அதுவே அவர் வாழ்நாளில் ஓடிய முதல் மாரத்தான்.

அல்ட்ரா ஓட்டங்களில் மிகப் பழமையானவற்றுள் ஒன்று தென்னாப்பிரிக்காவின் காம்ரேட்ஸ். டர்பன், பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஆகிய நகரங்களுக்கு இடையே ஏறத்தாழ 90 கிலோமீட்டர். முதல் உலகப் போரில் மடிந்த தோழர்களின் நினைவாக விக் கிளாப்பம் 1921இல் இதைத் தொடங்கினார். முதல் ஆண்டு ஓடிய 34 பேரில் 16 பேரே முடித்தனர். 1860இல் சென்னையிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறிய தமிழர்கள் கரும்புத் தோட்டங்களில் உழைத்த நேட்டால் மண்தான் அது. ஆனாலும் வெள்ளையர் அல்லாதவர்களும் பெண்களும் அதிகாரப்பூர்வமாக ஓட 1975 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இன்று அதில் ஓட 20 வயது நிரம்பியிருக்க வேண்டும். அதோடு ஒரு முழு மாரத்தானைக் குறித்த நேரத்தில் முடித்திருக்கவும் வேண்டும். படிப்படியாக வா என்பதே இந்த விதிகளின் பொருள்.

கரங்கான் போன்ற ஊர்களில் பயிற்சிக்கு இடத்துக்குப் பஞ்சமில்லை. தோட்டத்துச் செம்மண் சாலைகள் தார்ச்சாலையைவிடக் கால்களுக்கு இதமானவை. மேடு ஏறிப் பழக விரும்புவோருக்கு 1,217 மீட்டர் உயர ஜெராய் மலை கெடாவிலேயே இருக்கிறது. ஆனால் இறக்கத்தில் கவனம் தேவை. தொடைத் தசை நீண்டபடியே உடல் எடையைத் தாங்குவதால், ஏறும்போதைவிட இறங்கும்போதுதான் அது அதிகம் நோகும்.

ஓய்வைப் பற்றிய பாடத்தை நம் பால்மரங்களே சொல்லித் தருகின்றன. விடியும் முன்பே பெரட்டுக்குப் போன நம் தாத்தா பாட்டிமார், ஒரே மரத்தை நாள்தோறும் சீவுவதில்லை. ஒரு நாள் விட்டு ஒரு நாள் சீவுவதே பரவலான முறை. அளவுக்கு மீறிச் சீவினால் பட்டை காய்ந்து பால் நின்றுவிடும். கால்களும் அப்படித்தான். உடல் வலுப்பெறுவது ஓடும்போது அல்ல, ஓய்வின்போது. ஆகவே இரட்டை ஓட்டத்தை எல்லா வாரமும் செய்யக் கூடாது. அதற்கு அடுத்த நாள் முழு ஓய்வு வேண்டும். மூன்று வாரம் தூரத்தைக் கூட்டினால் நான்காம் வாரம் குறைக்க வேண்டும். தேர்வுக்காகக் கண்விழிக்கும் வாரங்களில் நீண்ட ஓட்டத்தைத் தள்ளிப்போடுவதே நல்லது.

களைப்பு வேறு, காயம் வேறு. இரு கால்களிலும் பரவலாக இருக்கும் வலி பெரும்பாலும் களைப்பு. ஒரே இடத்தில் குத்தி, ஓட ஓடக் கூடும் வலி காயத்தின் அறிகுறி. அப்போது நிறுத்திவிட வேண்டும். வலி நிவாரண மாத்திரை போட்டுக்கொண்டு ஓடுவது சிறுநீரகத்துக்கு ஆபத்து. சிறுநீர் கடுந்தேநீர் நிறத்தில் போனால் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். நம் வெயிலில் தண்ணீர் அவசியம். ஆனால் அளவின்றி வெறும் தண்ணீரைக் குடித்தால் இரத்தத்தில் உப்பின் அளவு குறைந்து மயக்கம் வரலாம்.

இடைநிலைப்பள்ளி மாணவர்களுக்கு இப்போதைக்குக் குறுக்கோட்டமும் 5 கிலோமீட்டர், 10 கிலோமீட்டர் ஓட்டங்களும் போதும். அல்ட்ரா எங்கும் ஓடிப் போய்விடாது. பொறுமையாகப் பழகிய கால்களுக்காக அது காத்திருக்கும்.