கவனம்! கணினியில் மழை பெய்வதில்லை

கொழும்பில், வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ பழைய ஓட்டுவீட்டைத் திருத்தப் போகிறீர்களா? ரொறன்ரோவிலிருந்து மருமகனோ லண்டனிலிருந்து தங்கையின் மகளோ கணினியில் வரைந்து வட்ஸ்அப்பில் அனுப்பிய வீட்டுப் படம் கையில் இருக்கிறதா? அந்தப் படத்தின் கூரையில் டோமர் யன்னல் இருந்தால், அதாவது சரிந்த கூரையின் நடுவில் தனக்கென ஒரு குட்டிக் கூரையோடு எழும்பி நிற்கும் யன்னல் இருந்தால், மேசன் பாஸுக்கு முற்பணம் கொடுப்பதை இன்றைக்கு நிறுத்தி வையுங்கள். முதலில் இதை வாசியுங்கள்.

வீடு வரையும் மென்பொருள்கள் அதிகம் தடுமாறும் இடங்களில் ஒன்று இந்த டோமர். சுவர், கதவு, படி எல்லாம் ஒழுங்காக வந்து விழும். டோமரை வைத்ததும் கூரை கிழியும், யன்னல் அந்தரத்தில் நிற்கும், அறைக்குள் பழைய கூரை குறுக்கே ஓடும். வரைகிறவர் என்ன செய்வார்? இரவு பன்னிரண்டு மணி, மாமாவுக்குப் படம் அனுப்ப வேண்டும். கிழிந்த விளிம்பைப் பிடித்து இழுத்து ஒட்டுவார், இடைவெளியில் ஒரு முக்கோணத்தை வரைந்து மூடுவார், ஓட்டு நிறத்தைப் பூசுவார். படம் வடிவாகிவிடும். ஆனால் அந்தக் கிழிசல் வரைபவரின் கைப்பிழை மட்டுமல்ல. ‘இந்தக் கூரையில் இந்த டோமர் பொருந்தாது’ என்று கணக்கு சொன்னதை அவர் நிறம் பூசி மறைத்துவிட்டார். அதை அவரும் கவனித்திருக்க மாட்டார், நீங்களும் கவனித்திருக்க மாட்டீர்கள். மழை கவனிக்கும்.

கணக்கைப் பாருங்கள். வீட்டின் அகலம் 8 மீற்றர், ஓட்டுக் கூரையின் சாய்வு 25 பாகை என்று வையுங்கள். நடு முகடு, சுவரின் மேல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1.87 மீற்றர் உயரத்தில் வரும். ஆறடி ஆள் நேராக நிற்கக்கூடியது அந்த முகட்டுக்கு நேர் கீழே மட்டும்தான். இப்போது வெளிச்சுவரிலிருந்து 1 மீற்றர் உள்ளே தள்ளி ஒரு டோமர். அதன் முன்சுவர் கூரைக்கு மேல் 1.2 மீற்றர் எழும்புகிறது, அகலம் 1.8 மீற்றர், குட்டிக் கூரையின் சாய்வு 30 பாகை. கூட்டிப் பார்த்தால் டோமரின் முகடு 2.19 மீற்றரில் நிற்கும். வீட்டு முகட்டைவிட 32 சென்ரிமீற்றர் அதிகம்! அது பின்னால் போய்ச் சேர்வதற்குக் கூரையே இல்லை. சில மென்பொருள் இதைக் கட்ட மறுத்துப் பிழை காட்டும். சில அதைப் பின்பக்கச் சாய்வுக்கு மேலே துருத்தவிடும். வீதியிலிருந்து பார்ப்பதுபோல் எடுத்த படத்தில் அந்தத் துருத்தல் தெரியவே தெரியாது. ஆகவே படம் அனுப்பியவரிடம் முதலில் கேட்க வேண்டியது, மேலிருந்து பார்த்த தோற்றமும் பின்பக்கத் தோற்றமும், டோமரின் நடுவால் வெட்டிக் காட்டிய வெட்டுமுகமும். இந்த மூன்றும் வராமல் ஒரு கைமரத்தையும் அறுக்க விடாதீர்கள்.

டோமர் பனி கொட்டும் நாடுகளின் செங்குத்தான கூரைக்குப் பிறந்தது. 45 பாகைக் கூரைக்குள் ஒரு முழு அறை ஒளிந்திருக்கும்; 25 பாகைக் கூரைக்குள் பூனைதான் ஒளிந்திருக்கும். மருமகன் ஸ்காபரோவில் தினமும் பார்க்கிற வீட்டை வரைகிறார், அதில் அவரைக் குறை சொல்ல என்ன இருக்கிறது?

இன்னொரு பொறி, சாய்வை எழுதும் பெட்டி. அமெரிக்க வழக்கில் செய்த மென்பொருள்களில் பெரும்பாலும் சாய்வைப் பாகையில் கேட்பதில்லை. 12 அங்குலம் நகர்ந்தால் எத்தனை அங்குலம் ஏறும் என்று கேட்கும். நம்மவர் 25 பாகை என்று நினைத்து 25 என்று அடித்தால், அது 12க்கு 25 ஏற்றம், அதாவது 64 பாகைக்கும் மேல். அந்தக் கூரையில் டோமர் அழகாகப் பொருந்தும், மேல்மாடியில் இரண்டு கட்டிலும் போடலாம். பாஸ் வந்து நிலத்தில் கட்டப்போவது 25 பாகைக் கூரை. அப்போதுதான் விளங்கும், படத்தில் இருந்த அறை இந்த வீட்டுக்குள் இல்லை என்று.

திருத்துவது எப்படி என்று வரைகிறவர் கேட்டால் சொல்லிக் கொடுங்கள். ஹோம் டிசைனர், சீஃப் ஆர்க்கிடெக்ட் வகையில், கூரையைத் தானாகத் திரும்பக் கட்டும் அமைப்பை அணைத்துவிட்டுத்தான் கையால் டோமர் வரைய வேண்டும். இல்லாவிட்டால் சுவரைத் தொட்டவுடன் செய்த வேலை அழிந்துபோகும். பெரிய கூரையில் டோமரின் அளவுக்குத் துளை போடாவிட்டால் அறைக்குள் கூரை நீட்டிக்கொண்டிருக்கும். ரெவிட்டில் குட்டிக் கூரையைப் பெரிய கூரையோடு இணைத்த பிறகுதான் டோமர்த் துளைக் கருவியைத் தொட வேண்டும். இணைய மறுத்தால் மேலே சொன்ன உயரக் கணக்கைப் பார்க்க வேண்டும். ஸ்கெச்சப்புக்குக் கூரை என்றால் என்னவென்று தெரியாது, அதற்கு எல்லாமே வெறும் பரப்பு. இரண்டு பரப்புகளும் வெட்டும் கோட்டை உருவாக்கச் சொல்லி, உள்ளே மாட்டிய துண்டுகளை நீக்க வேண்டும். ஸ்வீட் ஹோம் 3டியில் பெரும்பாலானோர் கூரையை ஒரு தளபாடத்தைப் போலக் கொண்டுவந்து வைக்கிறார்கள். ஒரு கூரை இன்னொன்றுக்குள் புதைந்தாலும் அது முறைப்பாடு செய்யாது. அந்தப் படத்தை வைத்துக் கட்டவே வேண்டாம்.

சரி, மென்பொருள் பிழையெல்லாம் தீர்ந்தது, கணக்கும் பொருந்துகிறது. அதற்குப் பிறகும் தண்ணீர் இருக்கிறது. டோமரின் கூரையும் பெரிய கூரையும் சேரும் இரண்டு பள்ள மூலைகளே வீட்டின் மிகப் பலவீனமான இடம். இரண்டு சாய்வும் 25 பாகையாக இருந்தால் அவை சேரும் பள்ளம் 18 பாகைதான் சாயும். அதிகத் தண்ணீர் வரும் வழி குறைந்த சாய்வில்! சதுர மீற்றருக்கு 1 மில்லிமீற்றர் மழை என்றால் 1 லீற்றர் தண்ணீர். 1992 ஜூன் 4ஆம் தேதி கொழும்பில் 24 மணித்தியாலத்தில் ஏறக்குறைய 494 மில்லிமீற்றர் கொட்டியது. 2010 நவம்பரில் பாராளுமன்ற வளாகமே வெள்ளத்தில் நின்ற மழை பலருக்கு நினைவிருக்கும். ஆறு சதுர மீற்றர் கூரையின் தண்ணீர் ஒரு பள்ள மூலைக்கு வந்தால், 1992இன் அந்த ஒரே நாளில் அதன் வழியே ஓடியிருக்கக்கூடியது கிட்டத்தட்ட 3,000 லீற்றர். கணினியில் அந்த மூலை வெறும் ஒரு கோடு. கோட்டுக்கு அகலமும் இல்லை, ஆழமும் இல்லை.

“அதெல்லாம் சிலிக்கன் அடிச்சு விடலாம் ஐயா” என்று பாஸ் சொல்வார். நம்பாதீர்கள். அந்த மூலைக்கு ஓட்டின் கீழே இரண்டு பக்கமும் உள்ளே போகும் அகலமான பீலித் தகடு வேண்டும். டோமரின் சுவர் கூரையைத் தொடும் இடங்களில் தகடு ஓட்டுக்கு மேல் 6 அங்குலமாவது சுவரில் ஏற வேண்டும். யன்னலின் அடி அதற்கும் மேலே இருக்க வேண்டும். படத்தில் கைமரம், சலாகை, ஓடு ஆகியவற்றின் தடிப்பைக் கொடுக்காமல் வரைந்திருந்தால், யன்னலின் அடி ஓட்டுக்குள் புதைந்துதான் கட்டப்படும். வெள்ளவத்தையில், குறிப்பாகக் காலி வீதிக்குக் கடற்பக்கம் இருப்பவர்கள், தகடு என்ன உலோகம் என்று கட்டாயம் கேளுங்கள். உப்புக் காற்றில் சாதாரண நாகமுலாம் தகடு நாள் தாங்காது. அலுமினியம் தேவலை, ஆனால் அதை ஈரச் சீமெந்துக் கலவைக்குள் நேரடியாகப் புதைத்தால் அதுவும் அரிக்கும்.

கொட்டாஞ்சேனைப் பக்கம் வேறு தலையிடி. அங்கே பழைய வீடுகளில் பல தோளோடு தோள் ஒட்டியவை, நடுச்சுவர் இரண்டு குடும்பத்துக்கும் பொது. உங்கள் டோமர் திருப்பிவிடும் தண்ணீர் அடுத்த வீட்டுச் சுவரில் இறங்கினால் வழக்கு உங்கள் வாசலுக்கு வரும். மென்பொருளில் அடுத்த வீடே இல்லை. உங்கள் வீடு புல்வெளியில் தனியாக நிற்கிறது. மாநகர சபை அங்கீகரித்த பிளானில் இல்லாத டோமரைக் கட்டிவிட்டு, கடைசியில் இணக்கச் சான்றிதழான சி.ஓ.சி. எடுக்கப் போய் நிற்கவும் வேண்டாம்.

எல்லாவற்றையும்விடப் பயங்கரமானது ஒன்று. கூரை பழைய அஸ்பெஸ்டஸ் சீற்றாக இருந்தால், டோமருக்கு இடம் விட அதை மின்வாளால் அறுப்பார்கள். அந்தத் தூசி நுரையீரலுக்குள் போய் இருபது, முப்பது வருடங்களுக்குப் பிறகுகூடப் புற்றுநோயாக வரக்கூடியது. 2018இலிருந்து அஸ்பெஸ்டஸ் இறக்குமதியைக் கட்டுப்படுத்த இலங்கை எடுத்த முடிவு, 2017 டிசம்பரில் நம் தேயிலையில் வண்டு கண்டதாகச் சொல்லி ரஷ்யா இறக்குமதியை நிறுத்தியதும் பின்வாங்கப்பட்டது. நமக்கு அந்தச் சீற்றுக்கான அஸ்பெஸ்டஸை விற்ற பெரிய நாடு ரஷ்யாதான் என்பதை நானாகச் சொல்லவில்லை, அப்போதே எல்லோரும் பேசினார்கள். சட்டம் காப்பாற்றாது, உலர்ந்த சீற்றில் வாள் வைக்க விடாதீர்கள், முழுச் சீற்றாக நனைத்துக் கழற்றச் சொல்லுங்கள், பிள்ளைகளை வீட்டில் வைத்திருக்காதீர்கள்.

உங்களுக்கு வேண்டியது வெளிச்சம் மட்டும்தான் என்றால், நாலைந்து கண்ணாடி ஓடு போதும். காற்றும் வேண்டுமென்றால் முன்சுவரை 1.2 மீற்றரிலிருந்து 0.6 மீற்றராகக் குறைத்துப் பாருங்கள். மேலே சொன்ன அதே வீட்டில் டோமரின் முகடு 1.59 மீற்றரில் நின்று, பெரிய கூரைக்குள் ஒழுங்காகச் சேர்ந்துவிடும். அறை கிடைக்காது, காற்று கிடைக்கும். ஒழுகலுக்கும் ஒரு வழி உண்டு: கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா நெளி சீமெந்துத் தகட்டின் மேல் அரைவட்ட நாட்டோடு பரப்பும் முறையைப் பரவலாக்கினார். ஓட்டைத் தாண்டிய தண்ணீரைக் கீழே இருக்கும் தகடு வெளியே கொண்டுபோகும். டோமர்தான் வேண்டுமென்று பிடிவாதமாக நிற்பவர்கள் அந்த இரண்டாவது அடுக்கையும் கேட்டு வாங்கட்டும், அஸ்பெஸ்டஸ் இல்லாத தகட்டில்.

ஏற்கெனவே கட்டி முடித்துவிட்டீர்களா? உட்கூரைப் பலகையை அடித்து மூடுவதற்கு முன் குழாயால் தண்ணீர் விட்டுப் பாருங்கள். மேலிருந்து தொடங்காதீர்கள், எங்கே ஒழுகுகிறது என்று தெரியாமல் போகும். யன்னலின் அடியில் தொடங்கி, பத்து நிமிடம் நின்று, பிறகு பக்கத் தகடு, பிறகு பள்ள மூலை, கடைசியாக முகடு. ஒருவர் உள்ளே டோர்ச்சோடு நிற்கட்டும். பாஸின் கடைசிப் பணம் அதற்குப் பிறகு.