வாஷிங்டன் கையெழுத்தும் சிதம்பரம் நாற்காலியும்

கும்பகோணத்தில் நீடாமங்கலம் பஸ் ஏறினால் அரை மணிக்குள் வலங்கைமான் வந்துவிடும். அந்த ஊர்ப் பெயரைச் சொன்னதும் டெல்டாக்காரர்களுக்கு இரண்டு விஷயம் நினைவுக்கு வரும். ஒன்று, தீபாவளி வெடி. மற்றது, பங்குனியில் மகாமாரியம்மனுக்கு எடுக்கும் பாடைக் காவடி. நோயில் விழுந்து பிழைத்தவரைப் பிணம்போலப் பாடையில் கிடத்தி, வாய்க்கட்டுக் கட்டி, பறை முழங்கக் கோயிலைச் சுற்றித் தூக்கிவருவார்கள். சுற்று முடிந்ததும் அவர் எழுந்து வீட்டுக்கு நடந்து போவார். மூன்றாவதாக ஒன்று உண்டு. அது உள்ளூரிலேயே பலருக்குத் தெரியாது. உலகக் கடற்படைகளின் போக்கை மாற்றிய ஓர் ஒப்பந்தத்தில் இந்த ஊரின் பெயர் இருக்கிறது.

1922 பிப்ரவரி 6 அன்று வாஷிங்டனில் அமெரிக்கா, பிரிட்டன், ஜப்பான், பிரான்ஸ், இத்தாலி ஆகிய ஐந்து வல்லரசுகள் போர்க்கப்பல்களைக் குறைத்துக்கொள்ள ஒப்பந்தம் போட்டன. பிரிட்டிஷ் பேரரசின் தரப்பில் இந்தியாவுக்காகக் கையெழுத்திட்டவர் வலங்கைமான் சங்கரநாராயண சீனிவாச சாஸ்திரி. ஏழைப் புரோகிதர் வீட்டில் 1869-ல் பிறந்து, கும்பகோணத்தில் படித்து, பள்ளி வாத்தியாராகப் பிழைப்பைத் தொடங்கியவர் அவர்.

அந்த ஒப்பந்தம் விமானம் தாங்கிக் கப்பல் எது என்று வரையறுத்தது. யார் எவ்வளவு வைத்துக்கொள்ளலாம் என்றும் கணக்குக் கட்டியது: அமெரிக்காவுக்கும் பிரிட்டனுக்கும் தலா 1,35,000 டன், ஜப்பானுக்கு 81,000 டன், பிரான்சுக்கும் இத்தாலிக்கும் தலா 60,000 டன். பெரிய பீரங்கிக் கப்பல்களுக்குத் தடை விழுந்ததால், பாதி கட்டி நின்றவற்றில் சிலவற்றை விமானம் தாங்கிகளாக மாற்றிக்கொள்ள அனுமதி கிடைத்தது. அமெரிக்காவின் 'லெக்சிங்டன்', 'சரடோகா', ஜப்பானின் 'அகாகி' எல்லாம் அப்படிப் பிறந்தவைதான். 1941 டிசம்பரில் பெர்ல் துறைமுகத்தைத் தாக்கப் போன ஆறு விமானம் தாங்கிகளில் 'அகாகி'யும் ஒன்று. ஆயுதத்தைக் குறைக்க எழுதிய தாளே கடற்படை விமானிகளின் காலத்துக்குக் கதவைத் திறந்துவிட்டது.

கையெழுத்திட்ட அன்று இந்தியாவுக்குச் சொந்தக் கடற்படையே கிடையாது. 'ராயல் இந்தியன் மரீன்' என்ற துணைப்படை இருந்தது; அது கடற்படை என்ற பெயர் பெற்றதே 1934-ல்தான். இன்று நிலைமை வேறு. 2022 செப்டம்பரில் கடற்படையில் சேர்ந்த 'விக்ராந்த்', சுமார் 45,000 டன் எடையுள்ளது, கொச்சியில் நாமே கட்டியது. அரக்கோணத்து ஐ.என்.எஸ். ராஜாளியில் கடற்படையின் ஹெலிகாப்டர் விமானிகள் பழகுகிறார்கள். எழிமலைக் கடற்படை அகாடமியில் பிளஸ் டூவுக்குப் பின் சேர்ந்து அதிகாரிப் பயிற்சி முடிப்பவர்களுக்கு ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தின் பி.டெக். பட்டமும் கிடைக்கிறது. டெல்டாவில் பிளஸ் டூ முடிக்கும் பையனோ பெண்ணோ கடற்படை அதிகாரியாகவும் பட்டதாரியாகவும் ஒரே இடத்திலிருந்து வெளியே வரலாம்.

சாஸ்திரியின் வாழ்க்கையும் கடைசியில் பல்கலைக்கழகத்துக்கே வந்து சேர்ந்தது. நடுவில் அவர் பார்த்த வேலைகள் ஒன்றா இரண்டா! திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப்பள்ளியில் தலைமையாசிரியர். இன்றைக்கும் சென்னைவாசிகள் டி.யு.சி.எஸ். என்று சொல்கிற கூட்டுறவுச் சங்கம் 1904-ல் தொடங்கியபோது அதை நிறுவியவர்களில் ஒருவர். கோகலேயின் இந்திய ஊழியர் சங்கத்தில் சேர்ந்து, 1915-ல் அவர் மறைந்தபின் அதன் தலைவர். 1927-ல் தென்னாப்பிரிக்காவுக்கு இந்திய அரசின் முதல் ஏஜென்ட். அங்கே இந்தியர்களிடம் நிதி திரட்டி டர்பனில் எழுப்பிய பள்ளிக்கு 'சாஸ்திரி கல்லூரி' என்றே பெயர். 1935-ல் சிதம்பரத்து அண்ணாமலைப் பல்கலைக்கழகம் அவரைத் துணைவேந்தராக அழைத்தபோது வயது அறுபத்தைந்தை ஒட்டியிருந்தது. 1940 வரை அந்தப் பொறுப்பில் இருந்தார்.

அன்று தமிழ்நாட்டில் இருந்தவை இரண்டே பல்கலைக்கழகங்கள்: 1857-ல் வந்த சென்னை, 1929-ல் வந்த அண்ணாமலை. இன்று தஞ்சாவூரில் தமிழ்ப் பல்கலைக்கழகமும் சாஸ்திராவும் இருக்கின்றன. பழைய தஞ்சை ஜில்லாவிலிருந்து பிரிந்து திருவாரூர் மாவட்டத்துக்குப் போன வலங்கைமானுக்கு, அதே மாவட்டத்தில் 2009 முதல் மத்தியப் பல்கலைக்கழகமே உண்டு. எண்ணிக்கை பெருகிற்று. துணைவேந்தர் நாற்காலிக்குப் போகும் வழியோ குறுகிற்று. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிப்படி பேராசிரியராகவோ, அதற்கு இணையான ஆய்வு, கல்வி நிர்வாகப் பொறுப்பிலோ பத்தாண்டு அனுபவம் வேண்டும். உயர்நிலைப்பள்ளித் தலைமையாசிரியராக இருந்து உலக மாநாடுகளுக்குப் போன சாஸ்திரி இன்று மனுப் போட்டால், முதல் சல்லடையிலேயே நின்றுவிடுவார். 2025 ஜனவரியில் வந்த வரைவு விதி, தொழில்துறையிலும் பொது நிர்வாகத்திலும் இருப்பவர்களுக்கும் கதவைத் திறக்கப் பார்த்தது. அதற்கு எதிர்ப்பு கிளம்பியது.

எதிர்ப்பில் நியாயம் இருக்கிறது. வெளியிலிருந்து பெரிய மனிதர் வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. அமெரிக்கக் கடற்படை விமானி ஜேம்ஸ் ஸ்டாக்டேல் 1965-ல் வியட்நாமில் சுட்டு வீழ்த்தப்பட்டு, ஏழாண்டுக்கு மேல் சிறையில் சித்திரவதைப்பட்டு மீண்டவர். அந்நாட்டின் மிக உயர்ந்த வீர விருதைப் பெற்றவர். 1979-ல் தென் கரோலினாவின் 'சிட்டாடல்' ராணுவக் கல்லூரிக்குத் தலைவரானார். முதலாண்டு மாணவர்களை வதைக்கும் வழக்கத்தை ஒழிக்கப் பார்த்தார். நிர்வாகக் குழுவோடு ஒத்துப்போகவில்லை. ஓராண்டில் விலகிவிட்டார். சிறையை வென்றவருக்குக் கல்லூரிக் குழுவை வெல்ல முடியவில்லை.

சாஸ்திரியும் விமரிசனத்துக்குத் தப்பியவரல்லர். மிதவாதி என்று காங்கிரஸ்காரர்கள் அவரை எள்ளினார்கள். 1940-ல் சென்னை மாகாண அரசு அமைத்த கலைச்சொல் குழுவுக்கு அவர் தலைவர். அது வடமொழிச் சொற்களைப் புகுத்துகிறது என்று தமிழறிஞர்கள் கொதித்தெழ, தமிழறிஞர்களையும் சேர்த்துக் குழுவை மாற்றியமைக்க வேண்டியதாயிற்று.

ஆனால் அவரிடம் இருந்த ஒன்று இன்று அரிது. 1937 தேர்தலில் வென்ற காங்கிரஸ் உடனே பதவி ஏற்க மறுத்தபோது, சென்னை மாகாண ஆளுநர் எர்ஸ்கின் சாஸ்திரியை இடைக்கால அரசு அமைக்க அழைத்தார். துணைவேந்தராக இருந்தவர், முதல்வர் பதவி வேண்டாம் என்றுவிட்டார். அதை ஏற்றுக்கொண்டு மூன்று மாதம் முதல்வராக இருந்தவர் கே.வி. ரெட்டி நாயுடு. 1940-ல் சிதம்பரத்தில் சாஸ்திரி காலி செய்த இடத்துக்கு வந்தவரும் அவரே.

அதன் பிறகு சிதம்பரம் எவ்வளவோ பார்த்துவிட்டது. தேவைக்கு மேல் ஆட்களைச் சேர்த்துக் கடனில் மூழ்கிய பல்கலைக்கழகத்துக்கு 2013 ஏப்ரலில் அரசு ஐ.ஏ.எஸ். அதிகாரி ஒருவரை நிர்வாகியாக அனுப்பியது. அதே ஆண்டில் புதுச் சட்டம் போட்டு அதை அரசே எடுத்துக்கொண்டது. உபரி ஊழியர்கள் ஆயிரக்கணக்கில் வேறு அரசு இடங்களுக்கு மாற்றப்பட்டார்கள். மாநிலப் பல்கலைக்கழகங்களின் துணைவேந்தரை நியமிப்பது ஆளுநரா, அரசா என்ற வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் 2023 ஆகஸ்டிலிருந்து நெடுநாள் துணைவேந்தரே இல்லை. குழு ஒன்றுதான் பார்த்துக்கொண்டது.

பேராசிரியரா, அதிகாரியா, விமானியா என்ற வாதத்தில் நாம் மும்முரமாக இருக்கிறோம். ஆளைத் தேடுகிறவர்கள் கேட்கவேண்டிய கேள்விகள் வேறு: இதைவிடப் பெரிய பதவி கூப்பிட்டால் இவர் வேண்டாம் என்பாரா? மேலிடம் தவறாகச் சொன்னால் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டுப் போவாரா? சாஸ்திரி முதல் கேள்வியில் தேறினார், ஸ்டாக்டேல் இரண்டாவதில் தேறினார். பத்தாண்டுப் பேராசிரியர் அனுபவம் வைத்திருப்பவர்களிலும் இப்படிப்பட்டவர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள். அவர்களைப் பொறுக்கி எடுக்கும் மனம் இருந்தால் எந்த விதியும் போதும். அது இல்லாவிட்டால் விதியை எத்தனை முறை திருத்தியும் பயன் இல்லை.