மாங்கனி ஏன் வீழ்கின்றது?

சேலம் நகருக்கு வடகிழக்கே சேர்வராயன் மலை ஓங்கி நிற்கின்றது. அதன்மேல் ஏற்காடு அமைந்துள்ளது. சேலம் கடல்மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 280 மீட்டர் உயரத்திலும், ஏற்காடு ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்திலும் உள்ளன. கீழே வெயில் கொளுத்தும்போது மேலே காப்பித் தோட்டங்களிடையே குளிர்காற்று வீசும். இவ்விரண்டு ஊர்களின் தட்பவெப்பம் வேறுபடும் என்பதை அனைவரும் அறிவர். காலமும் வேறுபடுகின்றது என்றால் நம்புவோர் சிலரே.

மிக நுட்பமான அணுக்கடிகாரங்கள் இரண்டினை ஒரே நேரம் காட்டுமாறு அமைத்து, ஒன்றைச் சேலத்திலும் மற்றொன்றை ஏற்காட்டிலும் வைப்பதாகக் கொள்வோம். ஒரு நொடியை நூறு கோடிக் கூறுகளாகப் பகுத்தால், அவற்றுள் ஏறத்தாழ 11 கூறு அளவிற்கு ஏற்காட்டுக் கடிகாரம் நாள்தோறும் முந்திச் செல்லும். கடிகாரங்களில் பழுது ஒன்றுமில்லை. தாழ்ந்த இடத்தில் காலமே சற்று மெல்ல நடக்கின்றது. எண்பது ஆண்டுகள் மலைமேல் வாழ்ந்தவர், அக்காலமெல்லாம் சமவெளியில் வாழ்ந்தவரைவிட ஒரு நொடியின் மூவாயிரத்தில் ஒரு பங்கு மூத்தவராகியிருப்பார். இத்துணைச் சிறிய வேறுபாட்டினால் ஆவது என்ன என்று கேட்கலாம். சேலத்து மாந்தோப்பில் காம்பு அற்ற கனி நிலத்தில் வீழ்வது இத்தகைய வேறுபாட்டினாலேதான்.

கனி வீழ்வதற்கு நியூட்டன் 1687இல் வெளியிட்ட நூலில் வேறு காரணம் கூறப்பட்டது. பொருள்கள் ஒன்றையொன்று ஈர்க்கின்றன; தொலைவு இருமடங்கானால் ஈர்ப்பு நான்கில் ஒரு பங்காகக் குறையும் என்றார் அவர். நிலவின் ஓட்டத்தையும் கடலின் ஏற்றவற்றத்தையும் இவ்விதி விளக்கிற்று. ஆயினும் இடையில் ஒன்றுமில்லாத வெற்றிடத்தைக் கடந்து ஒரு பொருள் மற்றொன்றை எவ்வாறு இழுக்கும்? இவ்வையம் நியூட்டனுக்கே இருந்தது. அவ்வாறு நிகழும் என்று எண்ணுவதே அறிவிற்குப் பொருந்தாது என 1693இல் பெண்ட்லி என்பவருக்கு அவர் கடிதம் எழுதினார். பின்வந்தோர் பலர் அவருடைய விதியைப் போற்றிக்கொண்டு, ஐயத்தை மறந்துவிட்டனர்.

அவ்வையத்திற்கு விடை கண்டவர் ஐன்ஸ்டீன். 1907இல், பெர்ன் நகரின் காப்புரிமை அலுவலகத்தில் பணிபுரிந்த நாளில், கூரையிலிருந்து தவறி வீழ்பவன் வீழும் வரையில் தன் எடையை உணரமாட்டான் என்னும் எண்ணம் அவருக்குத் தோன்றியது. எவரேனும் இழுப்பதனால் வீழ்பவன், இழுக்கப்படுவதை உணராதிருப்பது எவ்வாறு? இவ்வினாவின் பின்னே எட்டு ஆண்டுகள் நடந்து, 1915 நவம்பரில் அவர் முடிவு கண்டார். ஈர்ப்பு என்பது இழுக்கும் விசை அன்று. காலமும் வெளியும் கூடிய ஒன்றன் வளைவே அது.

வளைவு எவ்வாறு இழுப்பதுபோலத் தோன்றும்? மேட்டூரிலிருந்து ஒருவரும் ஆத்தூரிலிருந்து ஒருவரும் நேர்வடக்கே புறப்படுவதாகக் கொள்வோம். தொடக்கத்தில் அவர்களுக்கிடையே கிழக்குமேற்காக ஏறத்தாழ 87 கிலோமீட்டர் தொலைவு இருக்கும். இருவரும் இடம் வலம் திரும்பாமல் இமயத்தையும் கடந்து சென்றால், 60 பாகை வட அட்சக்கோட்டை அடையும்போது அத்தொலைவு ஏறத்தாழப் பாதியாகியிருக்கும். வடமுனையில் ஒருவரை ஒருவர் முட்டிக்கொள்வர். அவர்களைக் கயிறு கட்டி இழுத்தவர் எவருமிலர். நிலம் உருண்டையாக இருப்பதன் விளைவே அது.

அவ்விருவர் நடந்தனர்; கிளையில் அசையாது தொங்கும் கனி எங்கே நடந்தது? அதுவும் ஓயாமல் காலத்தின் வழியே சென்றுகொண்டிருக்கின்றது. மழைக்காலத்தில் திருமணிமுத்தாற்றங்கரை வழியே செல்லும் கட்டைவண்டியின் ஒரு சக்கரம் கெட்டித்தரையிலும் மற்றொன்று சேற்றிலும் உருண்டால், மாடுகள் நேரே இழுத்தாலும் வண்டி சேற்றுப் பக்கமே திரும்பும். மெல்ல உருளும் சக்கரத்தின் பக்கம் வண்டி வளைவதுபோலவே, காலம் மெல்ல நடக்கும் பக்கமாகப் பொருளின் வழியும் வளைகின்றது. மாங்கனியின் மேற்புறத்தைவிடக் கீழ்ப்புறத்தில் காலம் சற்று மெல்ல நடக்கின்றது. ஆதலின் கனி கீழ்நோக்கித் திரும்புகின்றது.

அளவைக் கணக்கிட்டால் வியப்பு மிகும். காலத்தைத் தொலைவாகக் கூறும்போது, அந்நேரத்தில் ஒளி செல்லும் தொலைவையே அறிஞர் அளவாகக் கொள்வர். ஒரு நொடிக்கு அது ஏறத்தாழ 3 இலட்சம் கிலோமீட்டர். 4.9 மீட்டர், அதாவது ஏறத்தாழ 16 அடி, உயரத்திலிருக்கும் கனி நிலம் சேர ஒரு நொடி ஆகும். 3 இலட்சம் கிலோமீட்டர்ப் பயணத்தில் 16 அடி விலகிற்று என்றால், அவ்வளைவு எத்துணை மெல்லியது! உண்மையில், வீழும் கனியின்மீது எவ்விசையும் இல்லை. மரத்தடியில் நிற்பவரையே நிலம் மேல்நோக்கித் தள்ளி, அவர் இயல்பாகச் செல்லும் வழியிலிருந்து விலக்குகின்றது. அத்தள்ளுதலையே அவர் தம் எடை என்று உணர்கின்றார்.

காலம் மட்டுமன்றி வெளியும் வளைகின்றது. மெல்ல இயங்கும் கனிக்கு அவ்வளைவு பொருட்டாகாது. விரைந்தோடும் ஒளிக்கோ அது காலத்தின் வளைவிற்கு நிகரான பங்குடையது. கதிரவனை உராய்ந்து வரும் விண்மீன் ஒளி 1.75 விகலை விலகும் என்றும், அதில் பாதி வெளியின் வளைவினால் நேரும் என்றும் அக்கொள்கை கணித்தது. 1919 மே 29ஆம் நாள் நிகழ்ந்த முழுக் கதிரவ மறைப்பின்போது எடின்டன் முதலியோர் அதனைச் சோதித்து, ஐன்ஸ்டீன் கூறிய அளவிற்கு நெருங்கிய விடை கண்டனர். 1922இல் கோடைக்கானல் வானாய்வுக்கூடத்து எவர்ஷெட் இதனை மீண்டும் அளக்க ஆஸ்திரேலியாவின் வாலல் வரை சென்றார். கருவிகள் ஒத்துழையாமையால் பயனின்றித் திரும்பினார்.

காலத்தின் வேறுபாட்டை நேரே அளக்க மேலும் பல ஆண்டுகள் ஆயின. 1960இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் பவுண்டும் ரெப்காவும் 22.5 மீட்டர் உயரக் கோபுரம் ஒன்றிலேயே அதனைக் கண்டறிந்தனர். 1977 சூன் மாதம் அமெரிக்கர் அணுக்கடிகாரம் ஒன்றைச் செயற்கைக்கோளில் ஏவினர். விண்ணில் அது விரைந்து ஓடுமா என்பதில் பொறியாளர் சிலருக்கு ஐயம் இருந்தமையால், திருத்தும் கருவியை உடன் அமைத்தும், அதனை இயக்காமலே ஏறத்தாழ இருபது நாள் பார்த்திருந்தனர். கணக்கிட்டவாறே கடிகாரம் முந்திச் சென்றது. பின்னரே திருத்தியை இயக்கினர்.

நாமக்கல்லிலிருந்து முட்டை ஏற்றிச் செல்லும் லாரிகள் பலவற்றில் இன்று ஜி.பி.எஸ். கருவி பொருத்தப்பட்டுள்ளது. ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்களின் கடிகாரச் செய்தியைக் கொண்டே அது லாரியின் இடத்தைக் கணிக்கின்றது. உயரத்தினால் அக்கடிகாரங்கள் நாளொன்றுக்கு ஒரு நொடியின் பத்து இலட்சத்தில் 45 பங்கு முந்தும்; வேகத்தினால் 7 பங்கு பிந்தும். எஞ்சும் 38 பங்கு நேரத்தில் ஒளி 11 கிலோமீட்டர் சென்றுவிடும். ஆகவே, ஏவுவதற்கு முன்பே அவை சற்று மெல்ல ஓடுமாறு அமைக்கப்படுகின்றன. விண்ணை அடைந்தபின் தரைக் கடிகாரங்களோடு ஒத்து ஓடுகின்றன.