தன்னைத்தானே உடைக்கும் கிருமி

மூளையைப் போர்த்தியிருக்கும் உறையில் கிருமி தொற்றினால் வருவது மூளைக்காய்ச்சலின் கொடிய வகை. சந்தேகம் வந்தவுடன் மருத்துவர்கள் முதுகுத்தண்டில் ஊசி செலுத்தி நீர் எடுப்பார்கள். தெளிவாக இருக்க வேண்டிய அந்த நீர் கலங்கி வந்தால் ஆபத்து. ஒரு துளியை ஸ்லைடில் பரப்பிச் சாயம் ஏற்றினால், ஊதா நிறத்தில் இரண்டிரண்டாக ஒட்டிய கிருமிகள் தெரியலாம். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் குடும்பத்தின் நியூமோகாக்கஸாக இருக்கும் என்று அப்போதே ஊகிக்கலாம்.

உறுதிசெய்ய, ரத்தம் கலந்த அகார் தட்டில் அதை வளர்க்க வேண்டும். குறைந்தது ஒரு நாள் ஆகும். சில வேளை தட்டில் ஒன்றுமே முளைக்காது. உயிரைக் காக்க முன்கூட்டியே கொடுத்த ஆன்டிபயாடிக் அதற்கு ஒரு காரணம். இன்னொரு காரணம் கிருமிக்குள்ளேயே இருக்கிறது. லைட்-ஏ என்ற மரபணுவிலிருந்து உருவாகும் நொதி, வளர்ச்சி நின்றதும் கிருமியின் சொந்தச் சுவரையே அறுத்துவிடும். ஆய்வகத்தில் இதையே சோதனையாக்கியிருக்கிறார்கள். கலங்கிய வளர்ப்பு நீரில் பித்த உப்பைச் சேர்த்தால் நியூமோகாக்கஸ் உடைந்து, குழாய் தெளிந்துவிடும். வாயில் வாழும் அதன் நெருங்கிய உறவுக் கிருமிகள் பொதுவாக அப்படி உடைவதில்லை.

1944ல் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் நிறுவனத்தில் ஏவரி, மெக்லியோட், மெக்கார்ட்டி மூவரும் பித்த உப்பின் உதவியோடுதான் நியூமோகாக்கஸின் உட்பொருளைப் பிரித்தெடுத்தார்கள். பரம்பரைப் பண்பைக் கடத்துவது டிஎன்ஏ என்று உலகம் அறிந்தது அந்த ஆய்வில்தான்.

கிருமி உடைந்தாலும் அதன் டிஎன்ஏ முதுகுத்தண்டு நீரில் மிஞ்சியிருக்கும். டிஎன்ஏவைப் படியெடுத்துப் பெருக்கும் பிசிஆர் கருவிக்கு அது போதும். சுமார் 95 டிகிரி செல்சியஸ் சூட்டில் டிஎன்ஏவின் இரு இழைகளும் பிரியும். சூடு தணிந்ததும், லைட்-ஏ மரபணுவின் குறிப்பிட்ட துண்டு மட்டும் படியெடுக்கப்படும். சுற்றுக்குச் சுற்று இரட்டிப்பானால், ஒரே ஒரு பிரதி 30 சுற்றுகளில் 107 கோடியாகும். பெருகப் பெருக, கலவையில் சேர்த்த சாயம் ஒளிரும். சில மணி நேரத்தில் விடை கிடைத்துவிடும்.

எந்த மரபணுவைத் தேடுவது? 2007ல் அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசியின் ஆய்வாளர்கள் மூன்றை ஒப்பிட்டார்கள். நச்சுப்புரதம் ஒன்றின் மரபணு, உறவுக் கிருமிகளிலும் அகப்பட்டு ஏமாற்றியது. நம்பகமாக நின்றது லைட்-ஏ. வளர்ப்புத் தட்டில் கிருமியைத் தவறவிடச் செய்யும் மரபணுவே பிசிஆரில் அதைக் காட்டிக்கொடுக்கிறது.

ஆனால், பெயர் தெரிந்தால் மட்டும் போதாது. எந்த மருந்துக்கு அது அடங்கும் என்று நேரடியாகச் சோதிக்க, உயிருள்ள கிருமி வேண்டும். அதனால்தான் எடுத்த நீரில் ஒரு பங்கு பிசிஆருக்கும், இன்னொரு பங்கு அகார் தட்டுக்கும் போகிறது.