பெட்ரோல் முள் எதை அளக்கிறது?

ஜொகூருக்குள் வரும் தன் நாட்டுக் கார்களின் தொட்டியில் பாதியளவாவது பெட்ரோல் இருக்க வேண்டுமென்று சிங்கப்பூர் அரசு 1989இல் விதித்தது. 1991இல் அதை முக்காலாக உயர்த்தியது. எல்லையில் அதிகாரி பார்ப்பது முள்ளைத்தான். அந்த முள்ளோ பெட்ரோலை நேராக அளப்பதில்லை.

தொட்டிக்குள் ஒரு மிதவை இருக்கிறது. பெட்ரோல் குறைய அது இறங்கும். அதன் கை ஒரு மின்தடைக் கம்பிச்சுருளின்மேல் உரசி நகரும். அதனால் மாறும் மின்னோட்டமே முள்ளை அசைக்கிறது. பழைய வண்டியில் சுருள் தேயும். எர்த் இணைப்புத் துருப்பிடிக்கும். மிதவை ஓட்டையானால் மூழ்கிப்போய், நிறைந்த தொட்டியையும் காலியென்று காட்டும். அது தொல்லைதான், வண்டி வழியில் நிற்காது.

குறைவை மிகுதியாகக் காட்டுவதுதான் மோசம். 1960களின் பிரிட்டிஷ் கார்கள் பலவற்றில், பெட்ரோல் முள்ளுக்கும் வெப்ப முள்ளுக்கும் சேர்த்துச் சராசரி 10 வோல்ட் தரும் சிறு நிலைப்படுத்தி ஒன்று உண்டு. அது கெட்டு பேட்டரியின் முழு 12 வோல்ட்டும் பாய்ந்தால் இரண்டு முள்ளும் ஏறி நிற்கும். ரேடியேட்டர் கொதிக்காமலே வெப்ப முள் ஏறினால் பெட்ரோல் முள்ளையும் நம்பாதீர்கள். தொட்டியைக் கழற்ற வேண்டாம்; நிலைப்படுத்தியையும் அதன் எர்த் இணைப்பையும் பாருங்கள். அது சரியாகும்வரை, ஆயர் ஈத்தாமில் தொட்டியை நிரப்பி, வண்டி ஓடிய தூரத்தைக் குறித்துக்கொண்டு குளுவாங் சாலையில் இறங்குங்கள்.