காகிதத் தொப்பி

செய்தித்தாளின் ஒற்றைப் பக்கத்தைக் குறுக்கே இரண்டாக மடித்து, அம்மடிப்பு மேற்புறம் இருக்கும்படி வைத்து, மேல்மூலைகள் இரண்டும் நடுவில் சந்திக்குமாறு சாய்வாக மடித்து, அடியில் எஞ்சும் பட்டைகளை முன்புறம் ஒன்றும் பின்புறம் ஒன்றுமாக மேல்நோக்கித் திருப்பிவிட்டால், கத்தரியோ பசையோ வேண்டாமலே வேஷம் போடும் குழந்தையின் சிரசுக்கு ஒரு தொப்பி சித்தமாகிவிடும். அளவு மிஞ்சினால் பக்க ஓரங்களைச் சற்றே உள்ளே மடித்துக்கொள்ளலாம்.

முற்காலத்து மேனாட்டு அச்சுக்கூடங்களில், மையும் எண்ணெயும் தலைமயிரில் படியாதிருக்கும் நிமித்தம், தொழிலாளர்களே செய்தித்தாளைத் தொப்பியாக மடித்து அணிந்து வேலை பார்த்ததுண்டு.

ஆகையால் பெற்றோர், ஓரத்தோடு ஓரம் பொருத்தி மடிப்பை நகத்தால் அழுத்தும் காரியத்தையும், வண்ணக் காகிதம் ஒட்டி அலங்கரிக்கும் பொறுப்பையும் குழந்தைகளிடமே விட்டுவிடுவார்களாக. வேஷம் அவர்களுடையதாயிருக்க, தொப்பியும் அவர்கள் கைவேலையாக இருப்பதே உசிதம்.